மாசக் கடைசி

மாதத்தின் கடைசி வேலை நாளில் ஆவடி, பட்டாபிராம் பக்கம் பல வீடுகளில் கைபேசி ஒரு முறை சிணுங்கும். மகன் எல்லையில் எங்கோ இருப்பான். அவன் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிவிட்டது என்ற குறுஞ்செய்தி அது. இல்லையென்றால், பட்டாளத்தை விட்டு வந்து பத்துப் பதினைந்து வருஷமான அப்பாவின் பென்ஷன். அதே நாள் மாலை அம்பத்தூரில் ஏதாவது ஒரு வாகன ஷோரூமை எட்டிப் பாருங்கள். எட்டு மணிக்கு மேலும் விளக்கு எரியும். மேனேஜர் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருப்பார். "இன்னும் ரெண்டு வண்டி பில் ஆகணும்" என்பதுதான் பேச்சு. பத்து வண்டி டார்கெட்டில் எட்டு முடித்தவனுக்கு எட்டு வண்டிக்கான இன்சென்டிவாவது கிடைக்கும் என்று வெளியாள் நினைப்பார். பல இடங்களில் அப்படி இல்லை. 'ஸ்லாப்' என்னும் இலக்குப் படியைத் தொடவில்லையென்றால் கைக்கு வருவது அடிப்படைச் சம்பளம் மட்டும்தான்.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த இரண்டு பிழைப்பும் ஒரே தெருவில், சில வீடுகளில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. அண்ணன் ராணுவத்தில், தம்பி பூந்தமல்லியில் ஹோம்லோன் ஏஜென்சியில். தம்பி ஒரு நல்ல மாதத்தில் அண்ணனின் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு கொண்டுவருவான். அடுத்த மாதம் அண்ணனிடமே கைமாற்று கேட்பான். யாருக்கு வருமானம் அதிகம் என்று அம்மாவிடம் கேட்டால் அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது. யாரை நம்பிச் சீட்டு எடுத்தாள் என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவாள்.

இந்த வட்டாரம் இப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே ஆவடியில் ராணுவம் கூடாரம் போட்டுவிட்டது. 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1965-இல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து உருண்டு வெளியே வந்தது. சிப்பாய்களுக்குச் சீருடை தைக்கும் படை உடைத் தொழிற்சாலை, விமானப்படை நிலையம், சி.ஆர்.பி.எஃப். குழு மையம் என்று வரிசையாக அமைந்தன. பட்டாபிராமில் ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயரே மிலிட்டரி சைடிங். பூந்தமல்லி அதற்கும் மூத்தது. வெள்ளைக்காரன் காலத்திலேயே கண்டோன்மென்ட். அம்பத்தூரின் ஜாதகம் வேறு. 1964-இல் தொழிற்பேட்டை, சுற்றிலும் சைக்கிளும் டயரும் உதிரிபாகமும் செய்யும் ஆலைகள். பிறகு ஆலைகளில் ஆட்கள் குறைந்தார்கள். மனைகள், அடுக்குமாடிகள், வாகனங்கள், கடன்கள், பாலிசிகள் என்று விற்பதற்கு மட்டும் குறைவே இல்லை. பிளஸ் டூ முடித்த பையனுக்கு இங்கே இரண்டு அழைப்புகள் காத்திருக்கும். ஒன்று, காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் ஓடச் சொல்லும் ஆள்சேர்ப்பு அறிவிப்பு. இன்னொன்று, "பைக், ஆண்ட்ராய்டு போன் அவசியம், சம்பளம் பிளஸ் இன்சென்டிவ்" என்று கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ்.

முதலில் பட்டாளத்துச் சம்பளச் சீட்டைப் பிரிப்போம். ஏழாவது ஊதியக் குழுவின்படி ஒரு சிப்பாயின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 21,700 ரூபாய். இதே 21,700 தான் சி.ஆர்.பி.எஃப். காவலருக்கும். ஆனால் ராணுவத்தில் இருப்பவருக்கு 'மிலிட்டரி சர்வீஸ் பே' என்று மாதம் 5,200 தனியாக உண்டு. இரண்டும் சேர்ந்து 26,900. அகவிலைப்படி இந்த மொத்தத்துக்கும் கிடைக்கும். 2025 ஜூலை நிலவரப்படி அது 58 சதவீதம், அதாவது 15,602. ஆகக் கூட்டினால் 42,502 ரூபாய். பணியிடத்தைப் பொறுத்த படிகள் இதற்கு மேலே. பிடித்தங்களும் இருக்கின்றன: சேமநிதி, ராணுவக் குழுக் காப்பீடு. கையில் வருவது அதனால் சற்றுக் குறையும்.

நாற்பத்திரண்டாயிரம் இன்று பெரிய தொகை அல்ல. அம்பத்தூரில் சுறுசுறுப்பான ஒரு வாகன விற்பனையாளர் இதைப் பண்டிகை மாதத்தில் தாண்டிவிடுவார். இதைச் சொல்லித்தான் "மிலிட்டரில என்னண்ணா கிடைக்கும்?" என்று பையன்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்கள் பார்ப்பது சீட்டில் அச்சான தொகையை. முகாமில் சாப்பாடும் இடமும் செலவில்லை. உடம்புக்கு வந்தால் ராணுவ மருத்துவமனை. ஆண்டுக்கு 60 நாள் வருடாந்தர விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. லீவில் வந்த நாளுக்கும் சம்பளம் ஓடும். பிரிட்ஜிலிருந்து பிஸ்கட் வரை வெளியை விட மலிவாகக் கிடைக்கும் கேன்டீன். (ஆவடிக் கல்யாண வீடுகளில் அந்தக் கேன்டீனின் இன்னொரு சரக்குக்கு இருக்கும் மரியாதையை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.)

இவை எல்லாவற்றையும் விடக் கனமானது ஓய்வூதியம். 2004 ஜனவரி 1-க்குப் பிறகு மத்திய அரசு வேலையில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்குத் தள்ளப்பட்டபோது முப்படைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள். பழைய முறையில் சேர்ந்த சிப்பாய் 15 ஆண்டு முடித்தால் கடைசிச் சம்பளத்தில் பாதி அவருக்கு ஆயுள் முழுக்க. ஓர் உதாரணத்துக்கு, இருபது ஆண்டு இருந்து ஹவில்தாராக வெளியே வருபவரின் அடிப்படைச் சம்பளம் 40,400 என்று வைத்துக்கொள்வோம். 5,200 சேர்த்தால் 45,600. பாதி 22,800. அதற்கும் 58 சதவீத அகவிலை நிவாரணம் போட்டால் 36,024. ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டால் பதினைந்து ஆண்டுக்கு மாதத் தொகை குறையும். அது அவரவர் விருப்பம். அவருக்கு அப்போது வயது நாற்பதுதான் ஆகியிருக்கும்.

இந்த 36,024 ரூபாயை ஒரு கமிஷன்காரர் தன் காசில் வாங்க வேண்டுமென்றால்? ஆண்டுக்கு 6.5 சதவீதம் தரும் வைப்பில் ஏறக்குறைய அறுபத்தாறரை லட்சம் போட்டுவைக்க வேண்டும். அதுவும் விலைவாசிக்கேற்ப ஏறாத வட்டி. பட்டாளத்துப் பென்ஷனோ ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலையோடு ஏறும். 2014 ஜூலையிலிருந்து நடைமுறையான 'ஒரு பதவி ஒரே ஓய்வூதியம்' ஏற்பாட்டில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும். அவர் கண்ணை மூடினால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். மருத்துவத்துக்கு 2003-இல் தொடங்கிய ஈ.சி.எச்.எஸ். திட்டம். ஒன்றைச் சொல்லாமல் விட்டால் கணக்கு ஒருதலைப்பட்சமாகிவிடும்: வைப்பில் போட்ட அறுபத்தாறு லட்சம் பிள்ளைகளுக்குப் போகும், பென்ஷன் போகாது. 14 ஆண்டில் சொந்த விருப்பத்தில் விலகி வந்தவருக்கு இந்தப் பென்ஷனும் இல்லை.

கமிஷன்காரர் சிப்பாயோடு சரிக்குச் சரி நிற்க எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்? உத்தேசமாக நான் போட்ட கணக்கு இது. சம்பளத்துக்கு ஈடாக 42,500. சாப்பாடு, தங்குமிடம் என்று சிப்பாய்க்கு மிச்சமாகும் 8,000. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும் டேர்ம் பாலிசியும் 3,000. இருபது ஆண்டில் அறுபத்தாறரை லட்சம் சேர, 8 சதவீத வளர்ச்சியில் மாதம் 11,300. பெட்ரோல், போன், வாடிக்கையாளருக்கு வாங்கித் தரும் டீ, ஜூஸ் 6,000. எழுபதாயிரத்தைத் தாண்டுகிறது. ஒரு மாதம் அல்ல, இருபது ஆண்டுக்குச் சராசரியாக மாதம் எழுபதாயிரம். ஆடி மாதமும் அதில் அடக்கம்.

ஆடி என்றதும் நினைவுக்கு வருவது, அந்த மாதத்தில் படுத்துவிடும் மனை வியாபாரம். திருநின்றவூர், திருமழிசை, பட்டாபிராம் என்று இந்தப் பக்கம் தரகர் இல்லாத தெரு குறைவு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்தமல்லி பேருந்து நிலையம் அருகே வேன் நிற்கும். "சைட் விசிட் இலவசம், மதிய சாப்பாடு உண்டு" என்று கண்ணாடியில் எழுதியிருக்கும். வெள்ளைச் சட்டையை இன் பண்ணி, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு இளைஞர் எல்லோருக்கும் தண்ணீர் பாட்டில் கொடுப்பார். போய்ச் சேரும் இடத்தில் செம்மண் ரோடு, வெள்ளையடித்த எல்லைக் கல், பெயர் எழுதிய ஆர்ச். "இங்கிருந்து மெட்ரோ பத்து நிமிஷம்" என்பார். எந்த வாகனத்தில் என்று யாரும் கேட்பதில்லை. வேனில் போன பன்னிரண்டு பேரில் ஒருவர் டோக்கன் அட்வான்ஸ் போட்டால் அந்த ஞாயிறு தப்பியது. மற்ற பதினோரு பேரும் பிரியாணி சாப்பிட்டுவிட்டு "வீட்ல கலந்துட்டு சொல்றேன்" என்று இறங்கிப் போவார்கள்.

தரகுக்கு இங்கே பொதுவான வழக்கம் ஒரு தரப்புக்கு ஒரு சதவீதம். 30 லட்ச ரூபாய்க்கு ஒரு மனை முடிந்தால் 30,000. இந்த முப்பதாயிரத்தை வேறொரு முப்பதாயிரத்தோடு சேர்த்துப் பார்க்கலாம். சியாச்சின் பனிமலையில் நிற்கும் சிப்பாய்க்கான மாதப் படி 14,000-ஆக இருந்தது. 2017-இல் அதை 30,000 ஆக்கினார்கள். மூச்சு வாங்கவே காற்று போதாத உயரத்தில், விரல்கள் பனியில் கருகும் அபாயத்தோடு ஒரு மாதம் நின்றதற்குச் சம்பளத்துக்கு மேல் அன்று தந்த தொகையும், பட்டாபிராமில் ஒரு பத்திரம் முடித்ததற்குக் கிடைக்கும் தொகையும் ஒன்று. இதைக் கேட்டால் முதலில் ரத்தம் கொதிக்கத்தான் செய்யும். ஆனால் அந்தத் தரகர் அதற்கு முன் எத்தனை மாதம் ஒன்றும் முடியாமல் அலைந்தார், முடிந்ததில் எத்தனை பேர் "அப்புறம் பாத்துக்கலாம்" என்று தரகைத் தராமல் விட்டார்கள் என்று யாரும் கணக்கு வைப்பதில்லை. சிப்பாய்க்குப் படி உத்தரவிலேயே இருக்கிறது. அதை யாரிடமும் கெஞ்சி வாங்க வேண்டியதில்லை.

விற்பனைக்காரர்களில் ஓரளவு பென்ஷன் மாதிரியான ஒன்றைக் கட்டியெழுப்பிக்கொள்ள முடிந்தவர்கள் ஆயுள் காப்பீட்டு முகவர்கள். முதலாண்டு கமிஷனை விட அவர்கள் உயிராகப் பார்ப்பது 'ரினியுவல்'. மாதம் ஐந்து பாலிசி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு பிரிமியம் 30,000 என்று வைப்போம். ஆண்டுக்கு அறுபது பாலிசி, 18 லட்ச ரூபாய் பிரிமியம். ஒரு பாலிசியும் விழாமல் இருந்தால், அடுத்த ஆண்டிலிருந்து 5 சதவீதம் என்று போட்டாலே ஆண்டுக்கு 90,000 ரூபாய் தானாக வரும். ஐந்து ஆண்டு இதே வேகத்தில் ஓடினால் மாதம் 37,500. மேலே சொன்ன ஹவில்தாரின் பென்ஷனைத் தொட்டுவிட்டார்! ஆனால் மாதம் ஐந்து பாலிசியை ஐந்து ஆண்டு விடாமல் போடுபவர் எத்தனை பேர்? பெரும்பாலானோர் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா என்று முதல் இருபது பாலிசி வரை போவார்கள். அதற்கு மேல் தெரிந்த முகம் தீர்ந்துவிடும். சொந்தக்காரர்களும் போனை எடுக்க மாட்டார்கள். மூன்றாம் ஆண்டு பாதி பாலிசி லேப்ஸ்.

இதில் வேறொரு வித்தியாசமும் இருக்கிறது. 2024 அக்டோபரில் பாலிசி சரண்டர் விதிகள் மாறியபோது எல்.ஐ.சி. முகவர்களின் முதலாண்டு கமிஷன் 35 சதவீதத்திலிருந்து 28-ஆகக் குறைந்தது. ரினியுவல் பங்கைச் சற்று ஏற்றினார்கள். முகவர்கள் போராட்டம் நடத்திப் பார்த்தார்கள். சிப்பாயின் சம்பளம் அரசிதழில் வந்து ஏறுகிறது. கமிஷன் ஒரு சுற்றறிக்கையில் இறங்குகிறது. எட்டாவது ஊதியக் குழுவை நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் அமைத்துவிட்டார்கள். ஆவடி ராணுவக் குடியிருப்புகளில் பழைய சம்பளத்தைப் பெருக்கும் 'ஃபிட்மென்ட் ஃபேக்டர்' எவ்வளவு வரும் என்று இப்போதே பந்தயம் கட்டுகிறார்கள். ஹோம்லோன் ஏஜென்ட்டுக்கும் மனைத் தரகருக்கும் எந்தக் குழுவும் இல்லை. எல்.ஐ.சி. முகவருக்காவது பணிக்கொடை உண்டு. 2023 செப்டம்பரில் அதன் உச்சவரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக்கினார்கள். மருந்துக் கம்பெனி ரெப்களுக்கு 1976-லேயே தனிச் சட்டம் வந்தது. மற்றவர்களுக்கு விசிட்டிங் கார்டு மட்டும்.

வங்கியில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ராணுவக்காரருக்கென்றே வங்கிகள் தனிச் சம்பளக் கணக்கு வைத்திருக்கின்றன. விபத்துக் காப்பீடு அதோடு சேர்ந்து வரும். சம்பளச் சீட்டைக் காட்டினால் வீட்டுக்கடன் நகரும். மாதம் ஒரு லட்சம் சம்பாதிக்கும் ஹோம்லோன் ஏஜென்ட் தனக்கு ஹோம்லோன் கேட்டுப் போனால் இரண்டு, மூன்று வருஷத்து வருமான வரிக் கணக்கைக் கேட்பார்கள். "ஊருக்கெல்லாம் லோன் வாங்கிக் குடுத்தேன், எனக்கு ரிஜெக்ட்" என்று பூந்தமல்லி டீக்கடையில் ஒருவர் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம்தான் அதிகம் இருந்தது.

பென்ஷனும் கமிஷனும் ஒரே ஆளிடம் சேரும்போது என்ன ஆகிறது என்பதற்கும் ஆவடியிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். பட்டாளத்திலிருந்து நாற்பது, நாற்பத்தைந்து வயதில் திரும்பும் மனிதர் வீட்டில் சும்மா உட்கார முடியாது. பிள்ளைகள் அப்போதுதான் ஒன்பதாவது, பத்தாவது. சிலர் 1986-இல் தொடங்கப்பட்ட முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ மூலம் பாதுகாவலர் வேலைக்குப் போகிறார்கள். சிலர் வங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். பேச்சு வருபவர்கள் பாலிசி, மனை, வீட்டு வாடகை என்று தரகில் இறங்குகிறார்கள். பட்டாபிராமில் அப்படி ஒரு முன்னாள் ஹவில்தார் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருக்கிறார். மேசைமேல் கண்ணாடிக்கு அடியில் லேஅவுட் வரைபடம், பின்சுவரில் ரெஜிமென்ட் படம். பத்திரத்தின் நகலை வாடிக்கையாளரிடம் நீட்டும் முன் வில்லங்கச் சான்றிதழை முதலில் நீட்டுகிறார். நான் போயிருந்த அன்று அதில் ஒரு பழைய அடமானம் தெரிந்தது. "இது க்ளியர் ஆகாம அட்வான்ஸ் போடாதீங்க" என்று தன் கமிஷனைத் தானே தள்ளிப்போட்டார்.

வாடிக்கையாளர் போனபின் ஏன் என்று கேட்டேன். "மாசக் கடைசில பென்ஷன் வந்துடும் சார். வீட்ல அடுப்பு எரிஞ்சுடும். அதனால எனக்கு அவசரம் இல்ல. அந்தப் பையனப் பாருங்க" என்று எதிர்க் கடையைக் காட்டினார். "அவன் கெட்டவன் இல்ல. இந்த மாசம் வாடகை கட்டணும் அவன். வில்லங்கத்தை ரெண்டாவது பக்கத்துல வச்சுத்தான் காட்டுவான்."

கமிஷன் வேலையைப் பற்றி நான் கேட்டதில் இதுதான் நேர்மையான விமர்சனம். பொய் சொல்லி விற்பது குணக்கேடு என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அதில் பெரும்பங்கு மாதத்தின் இருபத்தெட்டாம் தேதி செய்யும் வேலை. தேவையில்லாத பாலிசியை விதவைக்குக் கட்டிவைப்பவரும், பட்டா பிரிக்காத மனையைத் தலையில் கட்டுபவரும் பெரும்பாலும் அடிப்படைச் சம்பளம் இல்லாதவர்கள், அல்லது அது வாடகைக்கே போதாதவர்கள். 2022-இல் வெடித்த ஆருத்ரா கோல்டு நிதி நிறுவன விவகாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொன்னது. அந்தப் பணத்தைத் தெருத் தெருவாகச் சேர்த்துக் கொடுத்தவர்களில் கமிஷனுக்கு உழைத்த ஏஜென்ட்டுகளும் இருந்தார்கள். அவர்களில் சிலர் வழக்கிலும் சிக்கினார்கள். விற்பனைக்காரரின் நஷ்டம் ஒரு பைசா வராத மாதத்தோடு நிற்பதில்லை.

பட்டாளம் இதற்கெல்லாம் அப்பாற்பட்ட புனித இடம் என்றும் நினைக்கவேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனி ராஜ்ஜியத்தில் மதராஸ் ராணுவத்தின் வெள்ளை அதிகாரிகள் சம்பளத்தோடு மேல்வரும்படிகளிலும் வாழ்ந்தவர்கள். படைப்பிரிவுக்குக் கூடாரமும் அதன் சாமான்களும் பராமரிக்க என்று தளபதிக்கு மாதாமாதம் ஒரு தொகை வந்தது. போர் நடந்தாலும் நடக்காவிட்டாலும் வந்தது. படை நகராத காலத்தில் அந்தப் பணத்தில் பெரும்பகுதி தளபதியின் பையில் தங்கிவிட்டது. செலவைக் குறைக்கக் கம்பெனி 1808-இல் அந்தக் 'கூடார ஒப்பந்தத்தை' ரத்து செய்தது. அடுத்த ஆண்டு, கவர்னர் ஜார்ஜ் பார்லோ காலத்தில், மசூலிப்பட்டினத்திலும் ஸ்ரீரங்கப்பட்டினத்திலும் அதிகாரிகளே கலகத்தில் இறங்கினார்கள். சிப்பாய்க் கலகம் படித்த நமக்கு இந்த வெள்ளைக்காரக் கலகத்தை யாரும் அவ்வளவாகச் சொல்லித் தந்ததில்லை. சம்பளம் தெளிவாக, அச்சிட்ட அட்டவணையில் இருப்பது ராணுவத்துக்கு ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி இந்தப் பக்கம் கிடைக்காது.

சீருடை அணிந்தவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை என்பதும் ஆவடியில்தான் பளிச்சென்று தெரிகிறது. சி.ஆர்.பி.எஃப். காவலருக்குச் சிப்பாயின் அதே அடிப்படைச் சம்பளம் என்றேன். ஆனால் 5,200 இல்லை. 2004-க்குப் பின் சேர்ந்தவருக்குப் பழைய ஓய்வூதியமும் இல்லை. 2023 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கும் பழைய ஓய்வூதியம் உண்டு என்றது. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. கனரக வாகனத் தொழிற்சாலையில் நிலைமை இன்னும் சுவையானது. அங்கே தொழிலாளிக்கு நிலையான சம்பளத்தோடு 'பீஸ் ஒர்க்' லாபமும் ஓவர்டைமும் உண்டு. செய்த வேலைக்கு ஏற்ற காசு என்பது விற்பனைக்காரருக்கு மட்டும் உரியதல்ல. கீழே ஒரு தளம் போட்டுவிட்டு அதன் மேல் அதை வைத்தால் யாரும் பட்டினி கிடப்பதில்லை. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு நிறுவனங்களாக்கி, அதில் ஒன்றான கவச வாகன நிறுவனத்துக்கு ஆவடியில் தலைமையகம் வைத்தார்கள். அப்போது தொழிற்சங்கங்கள் கேட்ட முதல் கேள்வி இந்தத் தளம் தங்குமா என்பதுதான்.

தளம் போனது வேறு இடத்தில். 2022 ஜூன் 14 அன்று அறிவித்த அக்னிபத் திட்டத்தில் பதினேழரை வயதில் சேரும் அக்னிவீரருக்கு வேலை நான்கு ஆண்டு. முதலாண்டு மாதம் 30,000. அதில் 9,000 சேவை நிதிக்குப் போக, கையில் 21,000. நான்காம் ஆண்டில் 40,000; கையில் 28,000. முடிவில் அவர் போட்டதும் அரசு போட்டதும் வட்டியும் சேர்ந்து ஏறத்தாழ 11.71 லட்சம், வரி இல்லாமல். 48 லட்ச ரூபாய்க் காப்பீடு பணிக்காலத்துக்கு. நான்கில் ஒரு பங்கினர் வரை நிரந்தரமாகத் தேர்வு பெறலாம். மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் மருத்துவ வசதி இல்லை.

இந்த 11.71 லட்சத்தை 7 சதவீத வைப்பில் போட்டால் மாதம் 6,800 சொச்சம் வரும். அதை ஹவில்தாரின் 36,024 பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருபது ஆண்டுக்கும் நான்கு ஆண்டுக்கும் ஒப்பீடா என்று கேட்கலாம், நியாயம்தான். இருபத்தொரு வயதில் கையில் பதினோரு லட்சம் இந்தப் பகுதியில் எத்தனை பையன்களுக்குக் கிடைக்கிறது என்றும் கேட்கலாம், அதுவும் நியாயம். நான் சொல்வது வேறு. பழைய சிப்பாய் விற்பனைக்கு வந்தபோது பின்னால் ஒரு பென்ஷன் இருந்தது. எதிர்க் கடைப் பையனிடம் இல்லாத பொறுமை அதிலிருந்துதான் வந்தது. அக்னிவீரர் வெளியே வரும்போது எதிர்க் கடைப் பையனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காரப் போகிறார். ஒழுக்கம், நேரம் தவறாமை, உடல்வலு எல்லாம் அவரிடம் இருக்கும். விற்பனைக் கம்பெனிகள் அதை விரும்பி வாங்கும். மாதத்தின் இருபத்தெட்டாம் தேதி வரும்போது அவரும் மற்றவர்களைப் போலத்தான்.

மத்தியக் காவல் படைகளில் அவர்களுக்கு 2022-இல் 10 சதவீத ஒதுக்கீடு அறிவித்தார்கள். அது போதுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அம்பத்தூரில் சேல்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கும் கம்பெனிகள் ஒரு காரியம் செய்யலாம். முதல் ஆறு மாதத்துக்காவது கமிஷனோடு கட்டாமல் குடும்பம் நடத்தும் அளவுக்கு அடிப்படைச் சம்பளம் தரலாம். இது தர்மம் இல்லை. வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடாமல் இருப்பதற்கான செலவு. விற்பனைக்குப் போகும் பையன்களும் நேர்காணலில் "இன்சென்டிவ் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன் "ஸ்லாப் தொடலைன்னா என்ன கிடைக்கும்? கஸ்டமர் கேன்சல் பண்ணா குடுத்த கமிஷனைத் திருப்பிப் பிடிப்பீங்களா? வேலையை விட்டா ரினியுவல் யாருக்கு?" என்று கேட்கவேண்டும். பதிலை வாயால் வாங்காமல் தாளில் வாங்கவேண்டும். சிப்பாயிடம் இருப்பதும் அந்தத் தாள்தான்.

2022 அறிவிப்பில் தேர்வான முதல் அணி 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலுமாகப் பயிற்சிக்குப் போனது. அவர்களுக்கு நான்காண்டு முடிவது 2026 கடைசியையும் 2027 தொடக்கத்தையும் ஒட்டி. பட்டாபிராம் ஹவில்தாரிடம் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது அவர் வேலை வாய்ப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பதினோரு லட்சம் எந்த மாசம் கைக்கு வரும்னு அந்தப் பசங்களவிட நம்ம ஏஜென்ட்டுங்களுக்குத்தான் நல்லா தெரியும் சார். மனை, சீட்டு, டபுள் வட்டி, எல்லாத்துக்கும் இப்பவே லீட் எடுத்து வச்சிருக்கானுங்க. என் தெருவுல ஒருத்தன் வரான். அவங்க அப்பாகிட்ட சொல்லிட்டேன், ஒரு வருஷம் போஸ்ட் ஆபீஸ்ல போட்டுட்டு எவன் போன் பண்ணாலும் எடுக்காதீங்கன்னு. நான் பண்ணாலும்."